வானிலிருந்து கடலை வாசித்தல்

நுழையும்முன்

கையில் அள்ளிய கடல்நீருக்கு நிறமில்லை. அதே நீர் ஆழ்கடலில் நீலமாகவும், கரையோரத்தில் பச்சையாகவும், மழைக்காலத்து முகத்துவாரத்தில் செம்மண் நிறமாகவும் தோன்றுகிறது. நீர் காட்டும் ஒவ்வொரு நிறமும் அதனுள் கலந்திருப்பவற்றைப் பற்றிய ஒரு செய்தி. அச்செய்தியை வானூர்தியில் பொருத்திய கருவிகளால் படித்தறியும் அறிவியல் இன்று வளர்ந்துள்ளது. விழுப்புரம் மாவட்டக் கடற்கரையைச் சான்றாகக் கொண்டு அவ்வறிவியலை விளக்குகிறது இப்பாடம்.

ஓய்மாநாட்டின் நெய்தல் நிலம்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று சிறுபாணாற்றுப்படை. அதனை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்நூலின் தலைவன் ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடன். அவனுக்குரிய ஊர்களாக எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் ஆகியவை அந்நூலில் இடம்பெறுகின்றன. கிடங்கில் இன்றைய திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக விளங்குகிறது. நெய்தல் நிலத்து எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் கருத்து. ஏரிகள் சூழ்ந்த உள்நாட்டு ஊரும் அலைகள் தழுவும் கடற்கரை ஊரும் ஒரே நாட்டின் இரு கண்களாக அன்றே திகழ்ந்தன.

இன்றும் அவ்விரண்டையும் நீர் இணைக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியில் உள்ள ஏரிகள் பலவற்றின் உபரிநீர் கிழக்கு நோக்கி வழிந்து கழுவெளியை அடைகிறது. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்துள்ள கழுவெளி ஓர் உவர்நீர்ச் சதுப்புநிலம். உப்புக்கழி ஓடை, எடையன்திட்டு முகத்துவாரம் ஆகியவற்றின் வழியாக அது வங்கக் கடலுடன் தொடர்பு கொள்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் நிரம்பும் இந்நிலம், மழை ஓய்ந்தபின் மெல்ல மெல்ல உவர்ப்பேறுகிறது. கோடையில் பெரும்பகுதி வறண்டு போகிறது. மத்திய ஆசிய வான்வழியில் வலசை வரும் பறவைகளுக்கு இது குளிர்காலப் புகலிடம். 5,151.60 ஹெக்டேர் பரப்புள்ள கழுவெளி 2021ஆம் ஆண்டு டிசம்பரில் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

இக்கழியையும் கடலையும் நம்பி வாழ்வோர் பலர். மரக்காணத்தின் உப்பளங்கள் புகழ்பெற்றவை. கரைநெடுகிலும் மீனவர் குடியிருப்புகள் உள்ளன. நீர் கலங்கினால், உவர்ப்பு மாறினால், கரை அரிக்கப்பட்டால் அவர்தம் வாழ்வு நேரடியாகப் பாதிக்கப்படுகிறது. எனவே கரையோர நீரை அறிவது வெறும் ஆய்வுக்கூட ஆர்வமன்று. அது வாழ்வியல் தேவை.

தொட்டறியாமல் தெரிந்தறிதல்

ஒரு பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் ஒளியையோ வெப்பத்தையோ வானொலி அலைகளையோ தொலைவிலிருந்து பதிவுசெய்து, அதன் தன்மையை அறியும் முறையே தொலை நுண்ணுணர்வு எனப்படுகிறது. கருவி செயற்கைக்கோளில் இருந்தால் அது விண்வழித் தொலை நுண்ணுணர்வு. வானூர்தி, உலங்கூர்தி, ஆளில்லா வானூர்தியாகிய டிரோன் ஆகியவற்றில் இருந்தால் வான்வழித் தொலை நுண்ணுணர்வு.

இதன் அடிப்படை தமிழக மீனவர்க்குப் புதிதன்று. கொண்டல், கச்சான், வாடை எனக் காற்றை அடையாளம் காணும் அவர்கள், நீவாடு என்னும் நீரோட்டத்தையும் நீரின் நிறத்தையும் கண்டே வலைவிடும் இடத்தைத் தேர்கின்றனர். கலங்கிய நீர் எங்கே முடிகிறது, தெளிந்த நீர் எங்கே தொடங்குகிறது என்பதைப் படகின் விளிம்பிலிருந்தே கணிக்கின்றனர். கண் செய்யும் அவ்வேலையை எண்களாக மாற்றி, பரந்த பரப்புக்கு விரிவுபடுத்துவதே அறிவியல் செய்த பணி.

கடல் ஏன் நீலம்?

1921ஆம் ஆண்டு கப்பற்பயணம் மேற்கொண்ட திருச்சிராப்பள்ளியில் பிறந்த இயற்பியலறிஞர் சி.வி. இராமனை மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் ஈர்த்தது. வானத்தின் நீலமே கடலில் எதிரொளிக்கிறது என்பதே அக்காலத்தில் பரவலாக ஏற்கப்பட்டிருந்த கருத்து. இராமன் நிக்கல் பட்டகம் என்னும் சிறு ஒளியியல் கருவியைக் கண்முன் வைத்து, நீர்ப்பரப்பில் பட்டு எதிரொளிக்கும் வானொளியை விலக்கிவிட்டுக் கடலைக் கண்டார். அப்போதும் நீலம் மறையவில்லை. இன்னும் செறிவாகத் தெரிந்தது. ஆகவே நீலம் கடலின் மேற்பரப்பிலிருந்து அன்றி, நீரின் உள்ளிருந்தே வருகிறது என்றும், நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே அதற்குக் காரணம் என்றும் அவர் விளக்கினார். அவ்வழியே தொடர்ந்த ஆய்வு 1928ஆம் ஆண்டு இராமன் விளைவுக்கும், 1930ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கும் இட்டுச் சென்றது.

இராமன் செய்த அச்சிறு சோதனையில் இன்றைய வான்வழி ஆய்வின் முதற்பாடம் அடங்கியுள்ளது. நீர்ப்பரப்பின் மேல் மின்னும் ஒளி வேறு. நீருக்குள் சென்று திரும்பும் ஒளி வேறு. முன்னது வானத்தைப் பற்றிச் சொல்கிறது. பின்னதுதான் நீரைப் பற்றிச் சொல்கிறது. ஆய்வாளர் தேடுவது பின்னதையே.

நிறத்தைக் கூறுபடுத்தல்

ஒளியின் அலைநீளம் நானோமீட்டரில் அளக்கப்படுகிறது. நீல ஒளி ஏறத்தாழ 450, பச்சை ஒளி 550, சிவப்பு ஒளி 650 நானோமீட்டர் அளவில் அமைகின்றன. தூய நீர் சிவப்பு ஒளியை விரைந்து உறிஞ்சுகிறது. நீல ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. எனவே தூய ஆழ்கடல் நீலமாகத் தெரிகிறது. கரையோர நீரிலோ மூன்று பொருள்கள் கலந்து இந்நிறத்தை மாற்றுகின்றன.

முதலாவது, தாவர மிதவை உயிரிகள். கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத இந்நுண்ணுயிரிகளே கடல் உணவுச் சங்கிலியின் முதற்கண்ணி. இவற்றின் உடலிலுள்ள பச்சையம் 440 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியையும் 670 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளியையும் உறிஞ்சுகிறது, பச்சையை விட்டுவிடுகிறது. நீலம் குறைந்து பச்சை மிகுந்தால் அங்கே மிதவை உயிரிகள் பெருகியுள்ளன எனக் கொள்ளலாம்.

இரண்டாவது, வண்டல். ஆறும் அலையும் கிளப்பும் மண்துகள்கள் ஒளியைச் சிதறடித்து நீரை வெளிறச் செய்கின்றன. வண்டல் மிகமிகச் சிவப்பு ஒளியின் அளவும் கூடுகிறது.

மூன்றாவது, கரைந்த கரிமப் பொருள்கள். சதுப்புநிலத்து இலைதழைகள் அழுகி நீரில் கரையும்போது தேநீர்ச் சாயல் உண்டாகிறது. அது நீல ஒளியை உறிஞ்சுகிறது. ஆற்றுநீரில் மிகுதியாகவும் கடல்நீரில் குறைவாகவும் காணப்படுவதால், நன்னீர் எங்குவரை பரவியுள்ளது என்பதை உய்த்தறிய இச்சாயல் உதவுகிறது.

ஆழ்கடலில் மிதவை உயிரிகளே நிறத்தைத் தீர்மானிக்கின்றன. எனவே நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதமே போதுமானது. கரையோரத்திலோ மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து குழப்புகின்றன. பச்சையத்தைப் போலவே கரைந்த கரிமப் பொருளும் நீலத்தை விழுங்குவதால், இரண்டு மூன்று நிறங்களை மட்டும் அளக்கும் கருவி ஏமாந்துபோகும். நிறமாலையை நூற்றுக்கணக்கான மெல்லிய கீற்றுகளாகப் பிரித்து அளக்கும் கருவியே மூன்றையும் வேறுபடுத்தும். அத்தகைய கருவி பெருநிறமாலை உணரி எனப்படுகிறது.

வானூர்தி எதற்கு?

விண்ணில் செயற்கைக்கோள்கள் இருக்க, வானூர்தியின் தேவை என்ன என்னும் வினா எழுவது இயல்பு. இந்தியா 1999ஆம் ஆண்டு மே 26 அன்று ஓசன்சாட்-1 செயற்கைக்கோளை ஏவியது. அதிலிருந்த கடல்நிற உணரி எட்டு அலைநீளப் பட்டைகளில் கடலைப் படம்பிடித்தது. 2009, 2022ஆம் ஆண்டுகளில் அதன் அடுத்த தலைமுறைகள் ஏவப்பட்டன. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், பச்சைய அளவையும் கடற்பரப்பு வெப்பநிலையையும் செயற்கைக்கோள்வழி அறிந்து, மீன்வளம் மிகக்கூடிய இடங்களை மீனவர்க்கு அறிவித்து வருகிறது. பரந்த கடலுக்கு இவை ஈடற்றவை. கரையோரத்தை நெருங்கும்போது நான்கு இடர்ப்பாடுகள் எழுகின்றன.

முதல் இடர்ப்பாடு பிரிதிறன். ஓசன்சாட்-1 கடல்நிற உணரியின் பிரிதிறன் ஏறத்தாழ 360 மீட்டர். ஒரு படப்புள்ளியை 360 மீட்டர் பக்கமுள்ள சதுரமாகக் கொண்டால், அதன் பரப்பு ஏறத்தாழ 13 ஹெக்டேர். அக்கணக்கில் கழுவெளிக் காப்பகம் முழுவதும் ஏறத்தாழ 400 புள்ளிகளில் அடங்கிவிடும். 5 மீட்டர் பிரிதிறனுடன் வானூர்தியிலிருந்து எடுத்தால், அதே பரப்புக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். குறுகிய ஓடையும் உப்பளப் பாத்தியும் வெவ்வேறாகத் தெரிவது இரண்டாவது படத்தில்தான். 10 மீட்டர் பிரிதிறன் உள்ள செயற்கைக்கோள்கள் இன்று உண்டு. ஆயினும் அவை பெரும்பாலும் நிலப்பரப்பை ஆராய வடிவமைக்கப்பட்டவை. பட்டைகளின் எண்ணிக்கை சிலவே.

இரண்டாவது இடர்ப்பாடு வளிமண்டலம். நீர் ஒளியைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்வதால், நீருக்குள்ளிருந்து திரும்பும் ஒளி மிக மங்கலானது. செயற்கைக்கோள் உணரியை அடையும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, காற்றிலேயே சிதறிய ஒளியாகும். 5 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் வானூர்திக்கும் கடலுக்கும் இடையே இருப்பது மொத்தக் காற்றில் ஏறத்தாழ பாதியே. தாழப் பறக்கப் பறக்கத் திரை மெலிகிறது.

மூன்றாவது காலம். கடல்நிற ஆய்வுக்குரிய செயற்கைக்கோள் குறித்த நேரத்தில் மட்டுமே தலைக்கு மேலே கடக்கும். முகத்துவாரமோ ஓதத்தின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப ஒரே நாளில் பலமுறை முகம் மாறுகிறது. ஓதநேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. வடிநீர் கடலுக்குள் பாயும் நேரம் பார்த்துப் பறக்க வானூர்தியால் மட்டுமே இயலும்.

நான்காவது முகில். வடகிழக்குப் பருவக்காலத்தில்தான் இக்கடற்கரை மிகுந்த மாற்றம் அடைகிறது. அப்போதுதான் முகில்மூட்டமும் மிகுதி. காற்று தணிந்தபின் முகிலுக்குக் கீழே பறந்து படமெடுக்கும் வாய்ப்பு வானூர்திக்கு உண்டு.

தெரிந்து தெளிவோம்

இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி 1865ஆம் ஆண்டு கடல்நீரின் தெளிவை அளக்க வெண்ணிறத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே நீரின் தெளிவுக்கு அளவாயிற்று. செக்கித் தட்டு எனப்படும் இவ்வெளிய கருவி இன்றும் வானூர்திப் படங்களைச் சரிபார்க்கப் பயன்படுகிறது.

வளர்ந்த வரலாறு

வானிலிருந்து படமெடுக்கும் முயற்சி 1858ஆம் ஆண்டு தொடங்கியது. நாதார் என்னும் புனைபெயர் கொண்ட பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் பலூனில் ஏறிப் பாரிசு அருகே நிலக்காட்சியைப் படமெடுத்தார். கடலின் நிறத்தை வானூர்தியிலிருந்து அளந்து உயிர்வளத்தைக் கணிக்கலாம் என்பதைக் காட்டியோர் ஜார்ஜ் கிளார்க், கிஃபோர்ட் ஈவிங், கார்ல் லாரன்சன் என்னும் அமெரிக்க அறிவியலாளர் மூவர். அவர்கள் வெவ்வேறு கடற்பகுதிகளுக்கு மேலே பறந்து நிறமாலையைப் பதிவுசெய்தனர். பச்சையம் மிகுந்த நீரில் நீல ஒளி குறைவதையும், பறக்கும் உயரம் கூடக்கூடக் காற்றொளி குறுக்கிடுவதையும் கண்டனர். அவ்வாய்வு 1970ஆம் ஆண்டு சயின்ஸ் இதழில் வெளிவந்தது. அதன் விளைவாகப் பெருகிய ஆர்வம் 1978ஆம் ஆண்டு நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் முதல் கடல்நிற உணரியை விண்ணுக்கு அனுப்பியது. வானூர்தி காட்டிய வழியிலேயே செயற்கைக்கோள் சென்றது என்பது இவ்வரலாறு உணர்த்தும் உண்மை.

இந்தியாவிலும் தொலை நுண்ணுணர்வு வான்வழியாகவே தொடங்கியது. இராமனிடம் ஆய்வுப் பயிற்சி பெற்றவரும் வானிலை அறிஞருமான பிஷாரோத் இராம பிஷாரடி, 1970ஆம் ஆண்டு வாக்கில் கேரளத் தென்னந்தோப்புகளின் மேல் உலங்கூர்தியைப் பறக்கவிட்டு அகச்சிவப்புப் படச்சுருளில் படமெடுக்கச் செய்தார். வேர்வாடல் நோயுற்ற தென்னைகள் நலமுள்ளவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தன. இந்தியத் தொலை நுண்ணுணர்வின் தந்தை எனப் பிஷாரடி போற்றப்படுவதற்கு இதுவே காரணம். 1974ஆம் ஆண்டு தேசியத் தொலை நுண்ணுணர்வு முகமை உருவாக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு தேசியத் தொலை நுண்ணுணர்வு மையம் என்னும் பெயருடன் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அங்கமாயிற்று. ஐதராபாத்தை இடமாகக் கொண்ட இம்மையம் தனக்கென ஆய்வு வானூர்திகளை இயக்குகிறது.

அவ்வானூர்தி ஒன்றில் 2015 டிசம்பர் முதல் 2016 மார்ச் வரை அமெரிக்காவின் நாசா நிறுவனத்துடன் இணைந்து ஒரு பேராய்வு நடைபெற்றது. அவிரிஸ்-என்ஜி என்னும் பெருநிறமாலை உணரி அதில் பொருத்தப்பட்டது. 380 முதல் 2,510 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை 5 நானோமீட்டர் இடைவெளியில் 400க்கும் மேற்பட்ட கீற்றுகளாக அது பிரித்தளித்தது. இந்தியாவின் 57 இடங்கள் படமெடுக்கப்பட்டன. வேளாண் நிலம், காடு, கனிமப் பரப்பு ஆகியவற்றோடு ஒடிசாவின் சிலிக்கா ஏரியும் வங்கத்தின் சுந்தரவனமும் அவற்றுள் அடங்கும். கடலோடு இணைந்த உவர்நீர் ஏரி என்ற வகையில் சிலிக்கா, கழுவெளியின் மூத்த உறவு எனலாம். அங்குக் கற்ற பாடங்கள் தமிழகக் கழிகளுக்கும் பொருந்துவன.

நிறத்துக்கு அப்பால்

வான்வழி ஆய்வு நிறத்தோடு நின்றுவிடுவதில்லை. சீரொளி எனப்படும் லேசர் கதிரைக் கொண்டு கடலடியின் ஆழத்தையும் அளக்கலாம். வானூர்தியிலிருந்து அகச்சிவப்புச் சீரொளியும் பச்சைச் சீரொளியும் ஒருசேர அனுப்பப்படுகின்றன. அகச்சிவப்பு நீர்ப்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. பச்சை நீரைத் துளைத்துக் கடலடியைத் தொட்டுத் திரும்புகிறது. இரண்டும் திரும்பும் நேர வேறுபாடே ஆழத்தைத் தருகிறது. நீரில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2.25 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. எனவே 10 மீட்டர் ஆழத்துக்குச் சென்று திரும்ப ஒளிக்கு 89 நானோநொடி போதும். இக்குறுநேரத்தை அளக்கும் நுட்பம் இன்று கைவந்துள்ளது. செக்கித் தட்டு மறையும் ஆழத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம்வரை இம்முறை பயன்படும். கலங்கிய நீரில் அதன் எல்லை சுருங்கிவிடும்.

வெப்ப அகச்சிவப்பு உணரி, அனல்மின் நிலையங்கள் வெளியேற்றும் வெந்நீர் கடலில் எவ்வளவு தொலைவு பரவுகிறது என்பதைக் காட்டும். ரேடார் இரவிலும் முகிலிலும் தடையின்றிச் செயல்படும். எண்ணெய் படர்ந்த நீரில் சிற்றலைகள் அடங்கிவிடுவதால், அவ்விடம் ரேடார் படத்தில் கருந்திட்டாகத் தெரியும். 2017ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கடலோரக் காவல்படையின் வான்வழிக் கண்காணிப்பு எண்ணெய்ப் படலத்தின் போக்கை அறியத் துணைநின்றது.

இக்கடற்கரை கேட்கும் வினாக்கள்

புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 1980களின் பிற்பகுதியில் கட்டப்பட்டன. சோழமண்டலக் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. சுவர்கள் அவ்வோட்டத்தைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்கள் ஓரிடத்தைக் காத்து, அடுத்த இடத்துக்கு அரிப்பைத் தள்ளின. புதுச்சேரிக்கு வடக்கே விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்த தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் ஆகிய கடற்கரை ஊர்கள் இவ்வாறு கரையை இழந்தன. படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இடமின்றிப் போனது. சென்னையில் உள்ள தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, இந்திய நிலப்பகுதிக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியுள்ளதைக் கண்டறிந்தது. கரைக்கோடு எங்கே நகர்ந்தது என்பதற்கு இவ்வாய்வு விடையளிக்கிறது. நீருக்கடியில் மணல் எங்கே சென்றது என்னும் வினாவுக்கு ஆழமளக்கும் வான்வழிச் சீரொளியே விரைந்து விடை தரவல்லது. மணல் செல்லும் வழி தெரியாமல் கொட்டப்படும் ஒவ்வொரு கல்லும் அடுத்த ஊரின் சுமையாகிவிடும்.

இத்திசையில் முயற்சிகள் இல்லாமலில்லை. இந்திய நில அளவைத் துறை நாட்டின் நிலப்பகுதிக் கடற்கரையை வான்வழி முப்பரிமாணப் படங்களாக எடுத்தது. அவற்றைக் கொண்டு வெள்ளம், கரையரிப்பு, கடல்மட்ட உயர்வு ஆகியவற்றால் பாதிக்கப்படக்கூடிய எல்லையாகிய இடர்க்கோடு வரையப்பட்டது.

மற்றொரு வினாவை மழை எழுப்புகிறது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. விழுப்புரமும் திண்டிவனமும் வெள்ளத்தில் தத்தளித்தன. இத்தகைய வெள்ளம் வடியும்போது வயல்மண்ணையும் உரத்தையும் ஊர்க்கழிவையும் கழிக்கும் கடலுக்கும் கொண்டுசேர்க்கும். வண்டல் எவ்வளவு தொலைவு படர்ந்தது? கழியின் உவர்ப்பு மீள எத்தனை நாளாகும்? உரத்தின் ஊட்டத்தால் பாசி பெருகி மீன்கள் மூச்சுத் திணறுமா? மீனவர் கடலுக்குத் திரும்புவதும் உப்பளத்தார் பாத்தி கட்டுவதும் இவ்வினாக்களின் விடையைச் சார்ந்துள்ளன. சில நாள்களில் மறைந்துபோகும் இக்காட்சியை உரிய வேளையில் பதிவுசெய்ய வான்வழி ஆய்வே ஏற்றது.

நீரில் இறங்கிச் சரிபார்த்தல்

வானூர்தி தரும் படம் தானே முடிவாகிவிடாது. படமெடுக்கும் அதே நேரத்தில் ஆய்வாளர் படகில் சென்று பல இடங்களில் நீர் முகந்து, பச்சையம், வண்டல், உவர்ப்பு ஆகியவற்றை அளப்பர். அவ்வளவுகளோடு பொருந்தும்போதுதான் படத்தின் நிறம் எண்ணாக உருப்பெறும். இதனைக் களமெய்ம்மை காணல் என்பர்.

பறத்தலுக்கும் விதிகள் உண்டு. கதிரவன் தாழ்ந்திருந்தால் ஒளி நீருக்குள் புகாது. உச்சியில் இருந்தால் அலைமுகடுகள் கண்ணாடிபோல் மின்னிப் படத்தைக் கெடுக்கும். ஆகவே கதிரவன் 30 முதல் 60 பாகை உயரத்தில் இருக்கும்போது, அவனை நோக்கியோ அவனுக்கு எதிர்த்திசையிலோ பறப்பர். இராமன் பட்டகத்தால் விலக்கிய அதே பரப்பொளியை இன்றைய ஆய்வாளர் பறக்கும் திசையால் விலக்குகின்றனர்.

குறைகளும் உள. ஆய்வு வானூர்திக்குச் செலவு மிகுதி. 5 மீட்டர் பிரிதிறனில் ஒரு பறப்பில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அகலமே கிடைக்கும். ஆழம் குறைந்த தெளிந்த நீரில் அடித்தரையின் நிறமும் கலந்து மயக்கும். இக்குறைகளை ஈடுசெய்ய, பரந்த பார்வைக்குச் செயற்கைக்கோள், நுண்ணிய பார்வைக்கு வானூர்தி, ஓடையளவு பார்வைக்கு டிரோன், உண்மை அறியப் படகு என நான்கும் இணைந்து இயங்க வேண்டும். நாள்தோறும் அந்நீரில் தொழில்புரியும் மீனவரின் பட்டறிவும் அவற்றோடு சேர வேண்டும். எந்தத் திங்களில் முகத்துவாரம் மணலால் அடைபடும், எந்தக் காற்றில் நீர் கலங்கும் என்பவற்றை அவர்கள் அறிவர். எங்கே, எப்போது பறக்க வேண்டும் என்பதற்கு அவ்வறிவு வழிகாட்டும்.

கழுவெளி காப்பகமாகவும் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. ஒன்றைக் காக்க அதன் இன்றைய நிலை என்ன என்பதும், அது எவ்வாறு மாறுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் எடுக்கப்படும் படங்கள் அத்தகைய நாட்குறிப்பாக அமையும். அந்நாட்குறிப்பைப் படிக்கத் தெரிந்தோர் அதே மண்ணிலிருந்து உருவாகும்போது, கரைக்கும் கழிக்கும் எடுக்கப்படும் முடிவுகள் தெளிவுபெறும்.

கலைச்சொல் அறிவோம்

தொலை நுண்ணுணர்வு – தொடாமல் தொலைவிலிருந்து பொருளின் தன்மையை அறியும் முறை
பெருநிறமாலை உணரி – ஒளியை நூற்றுக்கணக்கான கீற்றுகளாகப் பிரித்து அளக்கும் கருவி
பிரிதிறன் – படத்தில் தனித்துக் காணத்தக்க மிகச் சிறிய பரப்பின் அளவு
சீரொளி – ஒரே அலைநீளத்தில் ஒருமுகமாகச் செல்லும் லேசர் ஒளி
களமெய்ம்மை – படத்தைச் சரிபார்க்க நேரில் எடுக்கப்படும் அளவு

கற்பவை கற்றபின்

1. ஊரிலுள்ள ஏரி அல்லது குளத்தின் நீர்நிறத்தை மழைக்கு முன்னும் பின்னும் உற்றுநோக்கி, நிறமாற்றத்துக்கான காரணங்களை எழுதுக.
2. வெண்ணிறத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிச் செக்கித் தட்டினை உருவாக்கி, ஆசிரியர் துணையுடன் நீரின் தெளிவை அளந்து வகுப்பில் ஒப்பிடுக.
3. காற்று, நீரோட்டம், நீர்நிறம் ஆகியவற்றுக்கு மீனவர்கள் வழங்கும் சொற்களைத் திரட்டி, அகரவரிசையில் தொகுத்திடுக.
4. "கரையோர நீரை ஆராயச் செயற்கைக்கோள் போதுமா?" என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.